ஏர் இன்டேக்கை மாற்றினால் காரின் திறன் உண்மையிலேயே கூடுமா?

நெடுஞ்சாலைப் பிரியன்

அனைவருக்கும் வணக்கம். என்னுடையது 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத பெட்ரோல் கார். அதன் திறன் 85 குதிரைத்திறனுக்குச் சற்றுக் குறைவு. நெடுஞ்சாலையில் லாரியை முந்தும்போது இன்னும் கொஞ்சம் இழுவை இருந்தால் நல்லது என்று தோன்றுகிறது. இன்ஜினுக்குக் காற்று போகும் வழியில் காரோடு வந்த கறுப்புப் பெட்டியையும் காகித ஃபில்டரையும் கழற்றிவிட்டு, அலுமினியக் குழாயும் கூம்பு ஃபில்டரும் கொண்ட இன்டேக்கைப் பொருத்தினால் 10 குதிரைத்திறன் வரை கூடும், மைலேஜும் உயரும் என்று உதிரிபாகக் கடையில் சொல்கிறார்கள். காற்று தாராளமாகப் போனால் திறன் கூடத்தானே வேண்டும் என்று ஒருபுறம் படுகிறது. அவ்வளவு எளிதென்றால் தயாரித்தவர்களே ஏன் செய்யவில்லை என்று மறுபுறம் ஐயமும் எழுகிறது. ஈசியூவில், அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியின் அமைப்புகளில், கைவைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

கிராங்க்

டர்போ இல்லாத, ஈசியூ மாற்றப்படாத காருக்கு இந்தச் செலவு வேண்டாம் என்பதே என் கருத்து. கடைக்காரர்கள் சொல்வது பாதி உண்மை என்பதால்தான் பலரும் அதை நம்பிவிடுகிறார்கள். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இன்ஜினின் திறன் அது உள்ளிழுக்கும் காற்றின் எடையைப் பொறுத்தது என்பது சரியே. உங்கள் இன்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடும்போது, சிலிண்டர்கள் முழுமையாக நிரம்புவதாக வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 3,600 லிட்டர் காற்றை இழுக்கிறது. பெட்டி, ஃபில்டர், குழாய் ஆகியவற்றைக் கடந்து வருவதற்குள் அந்தக் காற்று கொஞ்சம் அழுத்தத்தை இழக்கிறது. கடல்மட்டத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல் என்பதால், வழியில் 2 கிலோபாஸ்கல் இழப்பு இருக்குமானால், அதை அடியோடு நீக்கினாலும் கிடைக்கக்கூடியது சுமார் 2 விழுக்காடுதான். உங்கள் காரில் அது 2 குதிரைத்திறனுக்கும் குறைவு. 10 குதிரைத்திறன் கூட வேண்டுமானால் ஏறத்தாழ 12 கிலோபாஸ்கல் இழப்பு அங்கே இப்போதே இருந்தாக வேண்டும். அத்தனை அடைப்புள்ள இன்டேக்கை வைத்து யாரும் கார் தயாரிப்பதில்லை.

இதை ஊகமாக ஏற்க வேண்டாம், அளந்தே பார்க்கலாம். லாரிகளிலும் டிராக்டர்களிலும் ஃபில்டர் அடைத்திருப்பதைக் காட்டும் சிறிய அளவி ஒன்று இருக்கும். அத்தகைய அளவியை ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் (ஆக்சிலரேட்டருக்கு ஏற்பத் திறந்து மூடி, காற்றை மட்டுப்படுத்தும் தகடு) இடையே இணைத்து, பாதுகாப்பான இடத்தில் ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தி உயர்ந்த சுற்றுகள் வரை கொண்டுசெல்லும்போது அது என்ன காட்டுகிறது என்று உடன் இருப்பவரைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அளவு நீர்த்தம்பத்தின் உயரமாகக் குறிக்கப்பட்டிருந்தால் 20 சென்டிமீட்டர் என்பது ஏறத்தாழ 2 கிலோபாஸ்கல். அந்த எண்ணைத் தாண்டிய லாபத்தை எந்தக் குழாயாலும் பெரிதாகத் தந்துவிட முடியாது.

வெப்பநிலையின் பங்கு இதைவிடப் பெரியது, ஆனால் கடைகளில் அதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. காரோடு வந்த பெட்டியின் வாய் எங்கே போகிறது என்று பானெட்டைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான கார்களில் அது முன் கிரில்லுக்குப் பின்னாலோ சக்கர வளைவின் ஓரத்திலோ திறந்து, வெளிக்காற்றையே இழுக்கும். அதை எடுத்துவிட்டு இன்ஜினுக்குப் பக்கத்திலேயே கூம்பு ஃபில்டரைத் திறந்தபடி வைத்தால், ரேடியேட்டரும் எக்ஸாஸ்ட்டும் சூடாக்கிய காற்றுதான் உள்ளே போகும். ஒவ்வொரு 3 டிகிரி செல்சியஸ் உயர்வுக்கும் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 1 விழுக்காடு குறைகிறது. 35 டிகிரிக் காற்றுக்குப் பதிலாக 60 டிகிரிக் காற்று போனால் 7 விழுக்காட்டுக்கும் மேல் அடர்த்தி போய்விடும். போதாக்குறைக்கு, நாக்கிங்கை (கலவை தானாகவே தாறுமாறாக எரிவது) தவிர்க்க ஈசியூ இக்னிஷன் டைமிங்கையும், அதாவது தீப்பொறி விடும் நேரத்தையும், பின்னுக்குத் தள்ளும். வேகமாக ஓடுகையில் இந்தச் சூடு குறையும் என்பது உண்மைதான், ஆனால் நெரிசலில் நின்று கிளம்பும்போது வேறுபாடு நன்றாகவே தெரியும். டைனோவில் (காரை நிற்கவைத்தே திறனை அளக்கும் கருவி) பானெட்டைத் திறந்துவைத்து, எதிரே பெரிய மின்விசிறியை ஓடவிட்டு எடுக்கும் அளவுகளை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான்.

மைலேஜ் உயரும் என்பதற்கு அடிப்படையே இல்லை. சாதாரணமாக ஓட்டும்போது பெட்ரோல் இன்ஜினுக்குப் போகும் காற்றை மட்டுப்படுத்துவது பாதி மூடிய த்ராட்டில் தகடு. அதற்கு முன்னால் வழியை அகலப்படுத்தினால், அதே வேகத்துக்குத் தகடு இன்னும் சற்று மூடிக்கொள்ளும், அவ்வளவுதான். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் வெளியிட்ட ஆய்வும், ஃபியூவல் இன்ஜெக்ஷன் உள்ள கார்களில் அடைத்த ஏர் ஃபில்டரை மாற்றுவதால் முடுக்கம் மேம்படுமே தவிர எரிபொருள் சிக்கனத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படாது என்றே கண்டது.

நீலப்புகை

கிராங்க் எழுதியதோடு சென்சாரைப் பற்றியும் ஒன்று சேர்க்க விரும்புகிறேன். உங்கள் காரில் காற்றின் எடையை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் இருக்கிறதா, மேனிஃபோல்ட் (த்ராட்டிலிலிருந்து சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்) அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் மட்டும் இருக்கிறதா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். மேப் மட்டும் என்றால் குழாயின் விட்டம் மாறுவதால் பெரிய தொல்லை இல்லை. மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரோ, தன் சூடான கம்பியைக் கடக்கும் காற்றை மட்டும் உணர்ந்து, குழாய் இன்ன விட்டம் என்ற கணக்கில் மொத்தக் காற்றைச் சொல்கிறது. 60 மில்லிமீட்டர் குழாய்க்குப் பதில் 70 மில்லிமீட்டர் குழாய் வந்தால் குறுக்குப் பரப்பு 36 விழுக்காடு கூடுகிறது. சென்சார் உண்மையைவிடக் குறைவான காற்றைக் காட்ட, ஈசியூ பெட்ரோலைக் குறைத்து ஊற்றுகிறது. சீராக ஓடும்போது ஆக்சிஜன் சென்சாரின் உதவியால் காற்றும் பெட்ரோலும் எடையில் 14.7-க்கு 1 என்ற விகிதத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். திருத்தம் எல்லை மீறினால் கலவை மெலிந்துவிட்டது என்பதைக் குறிக்கும் பி0171 பிழையுடன் செக் இன்ஜின் விளக்கு எரியும். முழு ஆக்சிலரேட்டரில் பல கார்கள் அந்த நேரடித் திருத்தத்தை விட்டுவிடுகின்றன என்பதுதான் எனக்குக் கவலை, ஏனெனில் கலவை மெலிந்தால் இன்ஜினுக்கு ஆபத்து மிகுந்த நேரம் அதுவே.

நெடுஞ்சாலைப் பிரியன்

இருவருக்கும் மிக்க நன்றி. பானெட்டைத் திறந்து பார்த்தேன். பெட்டியின் வாய் கிரில்லை ஒட்டித்தான் இருக்கிறது. இரண்டு ஐயங்கள் மிச்சம். டர்போ பெட்ரோல் கார் வைத்திருக்கும் நண்பர் இன்டேக் மாற்றியபின் வேறுபாடு தெரிகிறது என்கிறாரே, அது எப்படி? பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு, காகித ஃபில்டருக்குப் பதிலாகக் கழுவிப் பயன்படுத்தும் பருத்தி ஃபில்டரை மட்டும் போடலாமா?

கிராங்க்

டர்போவின் கதை வேறு. டர்போவில் காற்றை அழுத்தும் பகுதியான கம்ப்ரஸருக்கு முன்னால் அழுத்த இழப்பு குறைந்தால், அதே பூஸ்ட்டை (கூடுதல் காற்றழுத்தத்தை) எட்ட அது குறைவாகவே உழைத்தால் போதும். ஈசியூவையும் மாற்றிப் பூஸ்ட்டைக் கூட்டியவர்களுக்கு அகலமான இன்டேக் உண்மையிலேயே பயன்தரும். ஈசியூவை மாற்றாத டர்போ கார்களில் முறுக்குவிசைக்கு ஈசியூவே எல்லை வைத்திருப்பதால் லாபம் சிறிதுதான். ஆனால் ஒலியை அடக்கும் ரெசனேட்டர் போய்விடுவதால் டர்போவின் சீறல் உள்ளே நன்றாகக் கேட்கும், கேட்கும்போது கார் வேகமாகப் போவதாகவே தோன்றும். அந்த ஒலிக்காகவே வாங்குகிறேன் என்று ஒருவர் சொன்னால் அதில் எனக்கு மறுப்பில்லை.

முந்துவதற்கு ஒரு வழி சொல்கிறேன். இத்தகைய இன்ஜின்கள் தம் முழுத் திறனையும் 6,000 சுற்றை ஒட்டித்தான் தருகின்றன. ஐந்தாம் கியரில் 3,000 சுற்றில் அழுத்தினால் பாதி அளவே கிடைக்கும். முந்தத் தொடங்கும் முன்பே மூன்றாம் கியருக்கு இறக்கிவிட்டால், எந்த இன்டேக்கும் தர முடியாத கூடுதல் திறன் கைக்கு வந்துவிடும்.

நீலப்புகை

பருத்தி ஃபில்டரைப் பொறுத்தவரை, தூசி மிகுந்த சாலைகளில் ஓட்டுபவர் என்றால் நல்ல காகித ஃபில்டரே என் தேர்வு. பருத்தி இழைகளில் தூசியைப் பிடிப்பது அதில் தடவிய எண்ணெய். கழுவி, சரியாக உலரவிடாமல் எண்ணெய் பூசினால் சில இடங்களில் படலமே இருக்காது. அதிகமாகப் பூசினால் எண்ணெய் காற்றோடு போய் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரின் கம்பியில் படியும். எது போட்டாலும், சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் ஃபில்டருக்கு அப்பால் உள்ள குழாயைக் கழற்றி, அதன் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் நறநறவென்று நுண்மணல் ஒட்டினால், ஃபில்டர் தூசியை உள்ளே விடுகிறது அல்லது அதன் ரப்பர் விளிம்பு பெட்டியில் சரியாக உட்காரவில்லை. பிஸ்டன் ரிங்குகளையும் சிலிண்டர் சுவர்களையும் தேய்ப்பது அந்த மணல்தான் என்பதால், அதைச் சரிசெய்யாமல் வண்டியை எடுக்க வேண்டாம்.