ரோஸ்ட்ரம்: மேடைக்கும் மூஞ்சிக்கும் ஒரே சொல் வேண்டுமா?

பேச்சுமேடையையும் விலங்குகளின் மூஞ்சி போன்ற நீட்சியையும் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான ரோஸ்ட்ரம் (rostrum) என்பதற்கு, பறவையின் அலகையும் மேடையையும் இணைத்து 'அலகுமேடை' என்ற ஆக்கம் கலைச்சொல் பட்டியலுக்கு முன்மொழியப்பட்டிருக்கிறது. இலத்தீன் வேர்ப்பொருளை விட்டுவிடாமல் தமிழில் கொணர முயன்றது என்ற அளவில் அது மதிக்கத்தக்கதே. ஆயினும் அதை ஏற்பதில் எனக்கு உடன்பாடில்லை. அதற்கான காரணம் மூலச்சொல்லின் வரலாற்றிலேயே இருக்கிறது.

கொறித்தல், அரித்தல் என்று பொருள்படும் 'ரோடெரே' என்ற வினையிலிருந்து பிறந்தது ரோஸ்ட்ரம். எலி, அணில் முதலியவற்றைக் குறிக்கும் ரோடெண்ட் என்பதும் அதே வேரினது. உழுதல் வினையோடு கருவி விகுதி சேர்ந்து ஏருக்கு 'அராட்ரம்' என்ற பெயர் அமைந்ததுபோலவே, கொறிக்கும் கருவி என்ற பொருளில் இச்சொல் அமைந்து, பறவையின் அலகையும் விலங்கின் மூஞ்சியையும் குறித்தது. பின்னர், எதிரிக் கப்பலின் விலாவைப் பிளப்பதற்காகப் போர்க்கப்பலின் அணியத்தில், அதாவது முன்பகுதியில், நீர்மட்டத்தை ஒட்டிப் பொருத்திய வெண்கல முனைக்கும் அப்பெயரே வழங்கியது. இஸ்ரேலின் அத்லித் கடற்கரைக்கு அருகே 1980-இல் கண்டெடுக்கப்பட்ட அத்தகைய முனை ஒன்று 2.26 மீட்டர் நீளமும் 465 கிலோ எடையும் கொண்டது. கப்பலின் மரத்துண்டுகள் அதனுள் சிக்கியபடியே கிடைத்தன.

மேடை இக்கதைக்குள் வருவது கி.மு. 338-இல். இத்தாலியக் கடற்கரையிலிருந்த அந்தியம் நகரை வென்ற ரோமானியர், அந்நகரின் கப்பல்களில் ஒரு பகுதியை எரித்துவிட்டு, அவற்றின் முனைகளைத் தம் நகர மன்றத்திலிருந்த பேச்சுமேடையின் முகப்பில் வெற்றிச் சின்னங்களாகப் பதித்தனர்; அதனால் மேடைக்கே 'ரோஸ்ட்ரா', அதாவது 'முனைகள்', என்ற பெயர் நிலைத்தது. இங்கே கவனிக்க வேண்டியது, மேடையைக் குறிக்க இலத்தீனில் வழக்கமாக வந்தது பன்மை வடிவம் என்பதே. ஒருமையை மேடைக்கு ஆக்கி இரண்டையும் குழப்பியது பிற்கால ஆங்கில வழக்கு. மூலமொழியே பிரித்து வைத்திருந்த இரு பொருள்களை நாம் வலிந்து ஒரே சொல்லில் அடைக்க வேண்டியதில்லை.

மேலும், அந்தப் பெயர் ஒரு குறிப்பிட்ட மேடையின் அணிகலனால் வந்ததே தவிர, மேடை என்ற பொருளின் இயல்பால் வந்ததன்று. உயர்ந்த பேச்சிடத்துக்கு ரோமானியரிடம் வேறொரு பொதுச்சொல்லும் இருந்தது: 'சுகெஸ்துஸ்'. கொணர்ந்து குவித்து உயர்த்தப்பட்டது என்பது அதன் பொருள். அதுபோலவே நம் 'மேடை'யும் மேட்டோடு உறவுடையது. ஆகவே 'மேடை' என்பதை வேறு வழியின்றிக் கொண்ட சொல்லாக எண்ணிக் கூச வேண்டாம். பிற மேடைகளிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் 'உரைமேடை' எனலாம். தாள்களை வைத்துப் படிக்கும் சாய்பலகை வேறு பொருள். படித்தல் வினையிலிருந்து வந்த லெக்டெர்ன் என்ற அதன் பெயரை இதனோடு கலக்கக் கூடாது.

'அலகு' என்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இயற்பியலில் அது அளவையின் அலகாக வேரூன்றிவிட்டது. 'அலகுமேடை' என்று கேட்கும் மாணவர் எடைபோடும் மேடை என்றே நினைப்பார்; அதில் அவர் பிழை ஏதுமில்லை.

உயிரியலில்தான் உண்மையான வேலை காத்திருக்கிறது. இறாலின் தலையோட்டிலிருந்து இரு கண்களுக்கும் இடையே முன்னோக்கி நீளும் கூரிய முள் ரோஸ்ட்ரம் எனப்படுகிறது. அதன் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் உள்ள பற்களை எண்ணி இனங்களை அடையாளம் காண்கிறார்கள். அது வாயும் அன்று, மூக்கும் அன்று. எனவே 'நுதல்முள்' என்று பரிந்துரைக்கிறேன். கூன்வண்டில் நிலைமை வேறு: நீண்டு வளைந்த முன்பகுதியின் நுனியிலேயே மெல்லும் வாயுறுப்புகள் இருப்பதால் கொறிக்கும் கருவி என்ற பழம்பொருள் அங்கே அப்படியே பொருந்துகிறது, 'நீள்மூஞ்சி' போதும். வேளா மீனின் பல்வைத்த நீட்சியை 'வாள்மூஞ்சி' எனலாம். மூளையியலில் மூக்கிருக்கும் திசையைச் சுட்டும் ரோஸ்ட்ரல் என்ற அடைக்கு 'முன்புற' என்பது ஒத்துவராது, ஏனெனில் நிமிர்ந்து நிற்கும் மனிதனின் மூளைத்தண்டில் அத்திசை மேல்நோக்கியது. 'மூக்குப்புற' என்பதே திரிபின்றி நிற்கும்.

ஒரே மூலச்சொல்லுக்குத் துறைதோறும் வெவ்வேறு சொல் தந்தால் அகராதி சிதறும் என்ற மறுப்பு எழக்கூடும். ரோஸ்ட்ரம் என்ற ஒரு தலைச்சொல்லின் கீழ், துறைக் குறிப்போடு இவற்றை வரிசைப்படுத்தினால் அக்குறை தீரும். எனக்கு இன்னும் தெளிவு பிறக்காதது திரைத்துறைச் சொல் ஒன்றில்தான்: தட்டையாக வைத்த படத்தையோ ஓவியத்தையோ மேலிருந்து படமெடுக்கத் தாங்கியில் பொருத்திய ரோஸ்ட்ரம் கேமராவை 'கவிழ்நிலைக் கேமரா' என்று சொல்லிப் பார்த்தேன், காதுக்கு ஒட்டவில்லை. இதைவிடப் பொருத்தமான சொல்லை எவரேனும் முன்வைத்தால் பட்டியலில் சேர்த்துவிடலாம்.