பயணத்தில் வை-ஃபை கேமராவை வேறொரு நெட்வொர்க்கில் இணைப்பது எப்படி?

கேள்வி

வணக்கம். வீட்டில் ஓராண்டாகத் தொல்லையின்றி இயங்கிவந்த சிறிய வை-ஃபை கண்காணிப்புக் கேமரா ஒன்றை, பணி நிமித்தம் ஆறு வாரங்கள் வெளியூரில் தங்க நேர்ந்ததால் உடன் எடுத்து வந்திருக்கிறேன். அளவைக் கருவிகளும் மடிக்கணினியும் பகல் முழுவதும் பூட்டிய அறையில் கிடக்கும் என்பதால், கேமராவைக் கதவை நோக்கி வைத்துவிட்டுப் போகலாம் என்று எண்ணினேன். மின்சாரம் கொடுத்ததும் அது வீட்டு வை-ஃபையையே தேடிக்கொண்டு நின்றது. எனவே ரீசெட் பொத்தானை அழுத்திவிட்டுச் செயலியில் மீண்டும் புதிதாகச் சேர்க்க முயன்றேன்.

விடுதியின் வை-ஃபைக்குக் கடவுச்சொல் கிடையாது. இணைந்தவுடன் ஒரு பக்கம் திறந்து அறை எண்ணையும் பெயரையும் கேட்கிறது. அவற்றை நிரப்பிய பிறகே இணையம் வருகிறது. கியூஆர் குறியைக் கேமராவுக்குக் காட்டினால் 'பீப்' என்று ஒலிக்கிறது. ஆனால் இரண்டு நிமிடங்கள் கழித்து இணைப்பு தோல்வியுற்றதாகச் செயலி அறிவிக்கிறது. ஃபோனின் ஹாட்ஸ்பாட்டிலும் கேமரா சேர மறுக்கிறது. கேமரா பழுதாகிவிட்டதா, அல்லது நான் எதையாவது தவறவிடுகிறேனா? மூன்று வாரங்களில் வேறு விடுதிக்கு மாறவேண்டும். ஒவ்வொரு முறையும் இவ்வளவு பாடுபட வேண்டுமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

முதல் மறுமொழி

கேமரா பழுதாகவில்லை. கியூஆர் குறியைப் படித்ததும் ஒலி எழுப்புகிறது என்றால், நெட்வொர்க்கின் பெயரை அது சரியாகப் பெற்றுக்கொண்டது என்றே பொருள். தடை அதற்குப் பின்னர் வருகிறது. விடுதியின் நுழைவுப் பக்கத்தை நிரப்ப உலாவி வேண்டும். கேமராவில் திரையும் இல்லை, உலாவியும் இல்லை. ஆகவே வை-ஃபையில் சேர்ந்தாலும் வாசலிலேயே நிறுத்தப்பட்டு, தன் சர்வரை எட்ட முடியாமல் தவிக்கிறது. அந்தப் பக்கத்தை எப்படியோ கடந்தாலும், பொது வை-ஃபை பலவற்றில் ஒரு கருவி இன்னொரு கருவியைப் பார்க்க முடியாதபடி தடுத்திருப்பார்கள் என்பதால், ஃபோன் நேரடியாகக் கேமராவைத் தேடும் செயலிகள் அங்கேயும் தோற்றுப்போகும்.

ஹாட்ஸ்பாட்டில் சேராததற்குக் காரணம் பெரும்பாலும் அலைவரிசைதான். இவ்வகைக் கேமராக்களில் பெரும்பாலானவை 2.4 ஜிகாஹெர்ட்ஸில் மட்டுமே இயங்குபவை. உங்கள் ஃபோன் 5 ஜிகாஹெர்ட்ஸில் ஹாட்ஸ்பாட்டைத் திறந்திருந்தால் அப்படியொரு நெட்வொர்க் இருப்பதே அவற்றுக்குத் தெரியாது. ஆண்ட்ராய்டு ஃபோனில் ஹாட்ஸ்பாட் அமைப்பிலேயே அலைவரிசையை மாற்றலாம்; ஐஃபோனில் அதிகபட்ச இணக்கத்துக்கான தெரிவை இயக்கவேண்டும். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் அதையும் டபிள்யூபிஏ2-க்கு மாற்றிப் பாருங்கள்.

இரண்டாவது மறுமொழி

முந்தைய நண்பர் நோயைச் சரியாகச் சொல்லியிருக்கிறார். மருந்து என்று என்னைக் கேட்டால், கேமராவைப் புதிய நெட்வொர்க்குக்குப் பழக்குவதை விட்டுவிட்டு, கேமரா அறிந்த நெட்வொர்க்கையே பெட்டியில் எடுத்துச் செல்லுங்கள் என்பேன்.

உள்ளங்கையில் அடங்கும் பயண ரூட்டர் என்ற கருவி இதற்கென்றே இருக்கிறது. அது ஒரு பக்கம் விடுதியின் வை-ஃபையில் சாதாரண ஃபோனைப் போல் சேர்ந்துகொள்ளும். மறுபக்கம் தனக்கென ஒரு வை-ஃபையைப் பரப்பும். அந்த வை-ஃபைக்கு உங்கள் வீட்டு நெட்வொர்க்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே, ஓர் எழுத்தும் ஓர் இடைவெளியும் பிசகாமல் வைத்துவிடுங்கள். பாதுகாப்பு முறையும் ஒன்றாகவே இருக்கட்டும். தான் ஊர் மாறியது கேமராவுக்குத் தெரியவே தெரியாது. நீங்கள் அவசரப்பட்டு ரீசெட் செய்துவிட்டதால் இந்த ஒரு முறை மட்டும் மீண்டும் சேர்க்கவேண்டும். அதன் பிறகு எந்த விடுதிக்குப் போனாலும் ரூட்டரை மட்டும் அங்குள்ள வை-ஃபையில் இணைத்தால் போதும். வீடு திரும்பியதும் கேமரா தானாகவே பழைய இடத்தில் சேர்ந்துகொள்ளும்.

நுழைவுப் பக்கத்தைக் கடப்பதும் எளிது. ஃபோனைப் பயண ரூட்டரின் வை-ஃபையில் இணைத்து உலாவியைத் திறந்தால், விடுதியின் பக்கம் அங்கே தோன்றும், நிரப்புங்கள். ரூட்டரின் மேக் முகவரி (நெட்வொர்க்கில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண்) ஒன்றுதான் விடுதியின் கண்ணுக்குத் தெரியும் என்பதால், அதற்கு அனுமதி கிடைத்துவிட்டால் பின்னால் இருக்கும் கேமராவுக்கும் கிடைத்ததாகிவிடும். ரூட்டரில் விபிஎன்னோ (இணையப் போக்குவரத்தை மறைத்து அனுப்பும் தனிப்பாதை) தனியான டிஎன்எஸ் சர்வரோ (தளப் பெயர்களுக்கு உரிய முகவரிகளைத் தேடித் தருவது) அமைத்திருந்தால், உள்நுழையும் வரை அவற்றை அணைத்து வையுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பக்கம் திறக்காமலே போகக்கூடும். நான் ஒரு மாலை முழுவதையும் இதில்தான் தொலைத்தேன்.

மூன்றாவது மறுமொழி

ரூட்டர் வாங்கும் வரை ஹாட்ஸ்பாட்டிலேயே ஓட்டிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. கேமரா நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் அனுப்பினால் ஒரு மணி நேரத்துக்கு 450 மெகாபைட், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 10.8 ஜிகாபைட் செலவாகும். 1080பி தரத்தில் பல கேமராக்கள் இதைவிடவும் அதிகம் கேட்கும். ஆகவே இடைவிடாத பதிவை மெமரி கார்டுக்கு விட்டுவிட்டு, அசைவு தெரிந்தால் மட்டும் அறிவிப்பும் சிறு காட்சியும் அனுப்பும்படி அமையுங்கள். இணையம் அறுந்தாலும் கார்டில் பதிவு தொடரும் என்பது இன்னொரு நன்மை. கேமராவையே தூக்கிக்கொண்டு போனால் கார்டும் போய்விடும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அதோடு, நீங்கள் வெளியே கிளம்பும்போது ஹாட்ஸ்பாட்டும் உங்கள் பையில் கிளம்பிவிடும். இந்த வழியை நம்புவதானால் அறையிலேயே கிடக்க ஒரு பழைய ஃபோனும் தனி சிம்மும் வேண்டும்.

நான்காவது மறுமொழி

வெளியிலிருந்து பார்ப்பதற்காக ரூட்டரில் போர்ட் திறக்கச் சொல்லி, அதாவது வெளி இணையத்திலிருந்து நேரே கேமராவுக்கு வழிவிடச் சொல்லி, யாரேனும் அறிவுரை கூறினால் ஏற்காதீர்கள். விடுதியின் நெட்வொர்க்குக்குப் பின்னால் இருந்துகொண்டு நீங்கள் போர்ட் திறப்பதால் பயனும் இல்லை; விடுதியின் ரூட்டர் உங்கள் கையில் இல்லையே. செயலி வழியாகப் பார்க்கும் கேமராக்கள் தாமாகவே வெளியிலுள்ள சர்வரைத் தொடர்புகொள்வதால், இரண்டு ரூட்டர்கள் அடுத்தடுத்து இருந்தாலும் பொதுவாக வேலை செய்துவிடும். 2016-இல் பரவிய மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் மாற்றாமல் இணையத்தில் திறந்து கிடந்த கேமராக்களையும் பதிவுக் கருவிகளையும்தான் பெரும் எண்ணிக்கையில் கைப்பற்றியது. கடவுச்சொல்லை மாற்றுங்கள், கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு இருந்தால் இயக்குங்கள்.

இன்னொன்று. அறையைச் சுத்தம் செய்ய வருபவரும் படத்தில் விழுவார். கேமரா இருப்பதை விடுதியாரிடம் சொல்லி ஒப்புதல் பெறுங்கள், ஒலிப்பதிவை அணைத்துவிடுங்கள். அறையில் உடன் தங்குபவர் இருந்தால் அவருடைய சம்மதமின்றி வைக்கவே வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. ஹாட்ஸ்பாட்டை 2.4-க்கு மாற்றியதும் கேமரா உடனே சேர்ந்தது. எனவே முதல் சந்தேகம் தீர்ந்தது. பிறகு பயண ரூட்டர் ஒன்றும் வாங்கி, வீட்டு வை-ஃபையின் பெயரையே அதற்கு வைத்தேன். ஆனால் ரூட்டர் விடுதி வை-ஃபையில் சேர்ந்த பிறகும் இணையம் வரவில்லை. நுழைவுப் பக்கமும் திறக்கவில்லை. அரை நாள் திண்டாடிய பிறகுதான், விடுதியின் நெட்வொர்க், என் ரூட்டர் ஆகிய இரண்டுமே 192.168.1 என்று தொடங்கும் ஐபி முகவரிகளைப் பயன்படுத்துவதைக் கவனித்தேன். என் ரூட்டரின் முகவரியை 192.168.77.1 என்று மாற்றியவுடன் பக்கம் திறந்தது, கேமராவும் வந்துவிட்டது. விடுதியில் ஒப்புதலும் பெற்றுவிட்டேன்.

எஞ்சியிருப்பது ஒரே குறை. 24 மணி நேரத்துக்கு ஒருமுறை விடுதி வை-ஃபை உள்நுழைவைக் காலாவதியாக்குகிறது; நேற்று நண்பகலில் கேமரா அணைந்துபோனதற்கு அதுவே காரணம்.

இரண்டாவது மறுமொழியை எழுதியவர்

இரு பக்கமும் ஒரே வரிசை முகவரிகள் இருந்தால் எது உள்ளே, எது வெளியே என்று ரூட்டர் குழம்பிவிடும். இந்த ஐபி மோதலை நான் முன்பே சொல்லியிருக்கவேண்டும், விட்டுப்போனது. காலாவதிக்கு இரண்டு வழிகள் உண்டு. பல விடுதிகளின் தொழில்நுட்ப உதவியாளர்கள், ரூட்டரின் மேக் முகவரியைக் கொடுத்துக் கேட்டால், தங்கும் காலம் முழுவதற்கும் அனுமதி பதிந்து தருவார்கள். முதலில் வரவேற்பில் கேட்டுப் பாருங்கள். அது இயலாவிட்டால், காலையில் அறையைவிட்டுக் கிளம்புவதற்குச் சற்று முன்பாக நீங்களே வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள். அப்போது அந்த 24 மணி நேரம் மறுநாள் காலை நீங்கள் அறையில் இருக்கும்போதே முடியும்.