‘ரிட்ரீவல் பிராக்டிஸ்’: மீட்டலா, நினைந்தெடுத்தலா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கல்லூரி ஆசிரியர்களுக்கான புத்தொளிப் பயிற்சிக்குத் தமிழில் கையேடு எழுதும்போது ‘ரிட்ரீவல் பிராக்டிஸ்’ என்பதை, அதாவது படித்ததைப் பார்க்காமலே நினைவிலிருந்து எடுத்துப் பழகுவதை, எப்படிச் சொல்வது என்று சென்ற வாரம் ஒரு நண்பர் கேட்டிருந்தார். வந்த மறுமொழிகளில் ‘மீட்டல் பயிற்சி’ என்பதையே பெரும்பாலோர் பரிந்துரைத்திருந்தனர். அதே சொல்லை என் வகுப்புக் குறிப்புகளில் எழுதிச் சங்கடப்பட்டவன் நான். ஆகவே அச்சொல் இங்கே ஏன் உதவாது என்பதையும், அதற்கு மாற்றாக நான் முன்வைக்கும் ‘நினைந்தெடுத்தல்’ என்பதன் நிறைகுறைகளையும் சற்று விரிவாக எழுதுகிறேன்.

கையேட்டின் தலைப்பைப் பற்றி முதலில் ஒரு சொல். அதில் வரும் ‘பிரெயின் பேஸ்டு லேர்னிங்’, அதாவது மூளை இயங்கும் விதத்துக்கு ஏற்பக் கற்பது, ‘மூளைசார் கற்றல்’ என்று ஏற்கெனவே பழகிவிட்டது. 1983இல் அமெரிக்கக் கல்வியாளர் லெஸ்லி ஹார்ட் தொடங்கிவைத்த பேச்சும், 1991இல் கல்வியாளர்கள் ரெனாட்டே கெய்ன், ஜெஃப்ரி கெய்ன் இருவரும் வகுத்த 12 கோட்பாடுகளும் இப்பெயரின் கீழேதான் பரவின. மூளையைச் சாராத கற்றல் என்று ஒன்று இல்லை. மூளையின் இயல்பை அறிந்தோ அறியாமலோ நடப்பது கற்பித்தல்தான். எனவே ‘மூளைசார் கற்பித்தல்’ என்று மாற்றிக்கொள்ளலாம் என்பது என் கருத்து. நரம்பணுக்களைப் பற்றிய அறிவிலிருந்து நேரே வகுப்பறைக்குத் தாவ முடியாது என்றும், இடையில் அறிதிறன் உளவியல் (நினைவு, கவனம் போன்றவற்றை ஆராயும் துறை) என்ற பாலம் வேண்டும் என்றும் ஆய்வாளர் ஜான் புரூயர் 1997இலேயே எச்சரித்தார். நாம் சொல் தேடிக்கொண்டிருக்கும் கருத்தும் அந்தப் பாலத்தைச் சேர்ந்ததே. ‘மூளை’ என்ற சொல் அதற்குள் வரவேண்டிய தேவை இல்லை.

இனிக் கருத்துக்கு வருவோம். படித்த ஒன்றை, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து வெளியே எடுக்கும் செயலே நினைவை உறுதிப்படுத்துகிறது என்பதுதான் அது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் செய்து 2006இல் வெளியிட்ட சோதனையில், மாணவர்களில் ஒரு பிரிவினர் ஒரு பகுதியை நான்கு தடவை படித்தார்கள். மற்றொரு பிரிவினர் ஒரே தடவை படித்துவிட்டு, அதன்பின் பகுதியைக் கண்ணால் பார்க்காமலே மூன்று தடவை நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நான்கு தடவை படித்தவர்களுக்கு 83 விழுக்காடு நினைவிருந்தது, எழுதியவர்களுக்கு 71 விழுக்காடு. ஒரு வாரம் கழித்து நிலை தலைகீழானது: படித்தவர்களுக்கு 40, எழுதியவர்களுக்கு 61. தேர்வுக்கு முதல் நாள் இரவு திரும்பத் திரும்பப் படித்த மாணவர் அடுத்த பருவத்தில் எல்லாவற்றையும் மறந்து நிற்பது ஏன் என்று கேட்கும் ஆசிரியருக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைக்காது.

நான் சங்கடப்பட்ட கதை இதுதான். ஒரு பயிற்சி வகுப்பில் இந்தச் சோதனையை விளக்கிவிட்டு, உங்கள் பாடத்திட்டத்தில் மீட்டல் பயிற்சிக்கு எங்கே இடம் தருவீர்கள் என்று கேட்டேன். வந்த தாள்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் ‘அலகு முடிவில் இரண்டு மணி நேரம் ரிவிஷன்’ என்றிருந்தது. அதாவது, எது பயன் குறைந்தது என்று அரைமணி நேரம் விளக்கினேனோ, அதையே என் சொல் அவர்களுக்குச் சொல்லியிருந்தது. மறுநாள் முறையை மாற்றினேன். ஒரு பக்கக் கட்டுரையைப் படிக்கச் சொல்லி, தாளைக் கவிழ்த்து வைக்கச் செய்து, வெற்றுத்தாளைக் கொடுத்தேன். வேதியியல் ஆசிரியர் ஒருவர் கவிழ்த்த தாளின் ஓரத்தைச் சுண்டுவிரலால் மெல்லத் தூக்கிப் பார்த்தார். பக்கத்திலிருந்தவர், “சார், இது டெஸ்டா? மார்க் உண்டா?” என்றார். இல்லை என்றதும்தான் பேனாக்கள் நகர்ந்தன. ‘சோதனை’, ‘தேர்வு’ ஆகிய சொற்களையும் ஏன் தவிர்க்கவேண்டும் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

நான் அந்தச் சொல்லால் பட்ட சிக்கலுக்கு இலங்கை வழக்கில் நேரடியான சான்று உண்டு. அங்கே பள்ளிப் பாடநூல்களில் ‘மீட்டல்’ என்றாலே முன்பு படித்ததைத் திரும்பப் பார்ப்பதுதான். ‘மீட்டற் பயிற்சி’ என்ற தலைப்பைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வேறு பொருள் தோன்றாது. யாழ்ப்பாண நண்பர் தம் மடலில் இதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வரியே போதுமானது என்று நினைக்கிறேன். ‘மீட்பு’ என்று சுருக்கினால் வெள்ளமும் படகும் நினைவுக்கு வருகின்றன.

தமிழ்நாட்டில் பி.எட். உளவியல் படித்தவர்கள் ‘மீட்டுக்கொணர்தல்’, ‘மீட்டறிதல்’ என்ற இணையை அறிவார்கள். நல்ல சொற்கள்தான், அவற்றை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் அவை முறையே ‘ரீகால்’ (எதையும் பார்க்காமல் நினைவிலிருந்து சொல்வது), ‘ரெகக்னிஷன்’ (பார்த்ததும் இதுதான் என்று அடையாளம் காண்பது) என்பவற்றுக்கு உரியவை. ரிட்ரீவல் என்பது இரண்டையும் உள்ளடக்கிய பொதுப்பெயர். நான்கு விடைகளில் ஒன்றைத் தெரிவு செய்யும் மாணவரும் நினைவிலிருந்துதான் எடுக்கிறார். மேலும் கல்லூரி ஆசிரியராவதற்குப் பொதுவாகப் பி.எட். தேவையில்லை. ஆகவே பள்ளி ஆசிரியர்களுக்குப் பழகிய சொல் இவர்களுக்குப் புதிதாகவே இருக்கும்.

‘ஒப்பித்தல்’ என்ற பரிந்துரையை நான் எளிதில் தள்ளமாட்டேன். செயல் அதேதான். ஆனால் பொருள் புரியாமல் உருப்போட்டுச் சொல்வது என்ற சாயல் அதில் ஆழமாக ஏறிவிட்டது. ‘நினைவுகூர்தல்’ என்பது மறைந்தவர்களுக்கு உரியதாகிவிட்டது.

நன்னூலின் பொதுப்பாயிரம் மாணவர் நூல் பயிலும் முறையைச் சொல்லும்போது ‘பாடம் போற்றல்’ என்பதையும் ‘கேட்டவை நினைத்தல்’ என்பதையும் தனித்தனியாக எண்ணுகிறது. 2006ஆம் ஆண்டுச் சோதனையைப் பவணந்தியார் 13ஆம் நூற்றாண்டிலேயே கண்டுவிட்டார் என்று சொல்ல வரவில்லை; அங்கே நினைத்தல் என்பதற்குச் சிந்தித்தல் என்று கொள்வதே முறை. ஆயினும் ஆசிரியர் எதிரில் இல்லாதபோது மாணவர் தாமே செய்யும் வினையாக ‘நினைத்தல்’ தமிழில் முன்பே நிற்கிறது என்பது எனக்குத் துணிவு தருகிறது. அதனோடு ‘எடுத்தல்’ சேர்ந்தால் உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவரும் செயலும் வந்துவிடும்: நினைந்தெடுத்தல். நினைவு பற்றிய பாடத்தில் பதித்தல், இருத்துதல், எடுத்தல் என்ற வரிசைக்கும் இது பொருந்தும்.

‘பிராக்டிஸ்’ என்பதைப் ‘பயிற்சி’ என்று ஆக்கவேண்டாம். ஆசிரியர் பெறுவதும் பயிற்சி, பாட இறுதியில் உள்ள கணக்கும் பயிற்சி, இதுவும் பயிற்சி என்றால் ‘பயிற்சியில் மீட்டல் பயிற்சி பற்றிய பயிற்சி’ என்று ஒரு வாக்கியம் கையேட்டில் வந்தே தீரும். என் வரைவில் வந்தது. ‘நினைந்தெடுத்துப் பயிலல்’ என்பது நீளந்தான், ஆனால் யார் என்ன செய்யவேண்டும் என்பதை அதுவே சொல்லிவிடுகிறது. நாள் இடைவெளி விட்டுச் செய்வதை ‘இடைவிட்டு நினைந்தெடுத்தல்’ எனலாம்.

குறைகள் இரண்டு. ஒன்று, ‘நினைந்தெடுப்பு’ என்று பெயராக்கினால் ‘எடுப்பு’ தனித்து ஒலிக்கிறது. பழைய நகராட்சி ‘எடுப்பு’க் கழிப்பிடங்களின் நினைவுள்ள மூத்தவர்கள் சிரிப்பார்கள். ஆகவே தொழிற்பெயரோடு நிறுத்திக்கொள்வோம். மற்றது, ஒரு சுழி தவறினால் ‘நனைந்தெடுத்தல்’ ஆகிவிடும். மெய்ப்பு பார்ப்பவர்கள் கவனிக்கட்டும்.

இந்தக் குடும்பத்தில் ஒரு சொல் இன்னும் எனக்கு அமையவில்லை. நினைந்தெடுக்க உதவும் ‘கியூ’, அதாவது பெயரின் முதலெழுத்தைச் சொன்னதும் முழுப்பெயரும் வந்துவிடுகிறதே, அந்த முதலெழுத்துக்கு என்ன பெயர்? ‘துப்பு’ என்றால் காவல் நிலையம் தெரிகிறது; ‘தூண்டுகுறி’ சற்று முரடாக இருக்கிறது. பள்ளியில் நாம் ‘அடி எடுத்துக் கொடு’ என்று சொல்வோம். அந்த ‘எடுத்துக் கொடுத்தல்’ என்பதிலிருந்து ஒரு சுருக்கமான பெயர்ச்சொல்லை யாராவது உருவாக்கித் தந்தால் கையேட்டின் மூன்றாம் அலகை முடித்துவிடலாம்.

அன்புடன்.