மாவுச்சத்தின் இரு வகை: உதிரி, சரம் – ஒரு பரிந்துரை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

இனிப்பு நீர் (நீரிழிவு) கையேட்டுக்காகக் கிள்ளான் அக்கா தொடங்கிய இழையில் சிம்பிள், காம்ப்ளெக்ஸ் கார்போஹைட்ரேட்டுக்கு 'எளிய மாவுச்சத்து, சிக்கலான மாவுச்சத்து' என்பதே ஏறக்குறைய முடிவாகிவிட்டது போலத் தெரிகிறது. அச்சுக்குப் போகுமுன் என் மறுப்பைச் சொல்லிவிடுகிறேன்.

இங்கே பினாங்கில் உணவு ஆலோசனை வகுப்பு ஒன்றுக்கு மொழி உதவி செய்கிறேன். நம் வரைவை அங்கே வாசித்தபோது முன்வரிசையில் இருந்த அம்மா ஒருவர் கேட்டார்: "ஏம்மா, வயசான காலத்துல சிக்கலானதெல்லாம் எதுக்கு? எளியதையே சாப்பிட்டுட்டுப் போறேனே." பக்கத்தில் இருந்தவர்களும் ஆமாம் போட்டார்கள். அவர்கள் பேரில் பிழையே இல்லை. எளிய உணவு என்றால் நமக்குக் கஞ்சியும் துவையலும். சிக்கல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது மலச்சிக்கல். அந்தச் சிக்கலைத் தீர்க்கும் நார்ச்சத்தையே 'சிக்கலான' வகையில் கொண்டுபோய் வைத்திருக்கிறோம்! சீனிக்கோ 'எளிய' என்று நற்பெயர். நோயாளி கையில் கொடுக்கும் தாளில் இது ஆபத்து.

> பாடநூல்களில் 'கூட்டுச் சர்க்கரை' உண்டே, அதையே எடுத்தாளலாம்.

ஈப்போ ஐயா, வகுப்பறைக்கு அது சரி. கையேட்டில் 'கூட்டு' என்றால் மேலே கூட்டிய சீனி என்று படிப்பார்கள். டின் பானங்களில் சேர்க்கும் சீனியைப் பற்றி ஒரு பக்கம் வேறு இருக்கிறது, இரண்டும் குழம்பிவிடும்.

என் பரிந்துரை: உதிரி மாவுச்சத்து, சர மாவுச்சத்து. லிட்டில் இந்தியா பூக்கடையில் உதிரிப்பூ என்றும் சரம் என்றும் கேட்டுத்தானே வாங்குகிறோம்? குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் தனித்தனிப் பூ. தேனின் இனிப்பில் பெரும்பகுதி இந்த இரண்டுதான். வெள்ளைச் சீனியில் அவை இரண்டிரண்டாய் இணைந்திருக்கும். பாலில் உள்ள லாக்டோஸும் இப்படி ஓர் இணைதான். இணை சரமாகாது, ஒரே வெட்டில் பிரிந்துவிடும் என்பதால் உதிரியிலேயே அடங்கும். அரிசி, கோதுமை, உருளைக்கிழங்கில் இருப்பதோ நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் குளுக்கோஸ் கோத்த சரம், அதாவது ஸ்டார்ச். நார்ச்சத்தில் பெரும்பாலானவையும் சரம்தான், ஆனால் நம் செரிமானச் சாறுகளால் அவிழ்க்க முடியாதவை. 'அவிழாச் சரம்' என்றால் விளக்கமே தேவையில்லை.

'உதிரி, சரம்' என்ற இந்தச் சொல்லிணையை நான் விரும்புவதற்குப் பெரிய காரணம், இது வினையோடு வருகிறது. கோத்தல், அவிழ்தல், உதிர்தல். வாழைக்காய் பழுக்கும்போது என்ன நடக்கிறது? சரம் உதிரியாகிறது, அதனால்தான் இனிக்கிறது. சோற்றை நெடுநேரம் மென்றால் நாவில் மெல்ல இனிப்புத் தட்டுவது, எச்சிலில் உள்ள அமைலேஸ் என்னும் நொதி சரத்தை அவிழ்க்கத் தொடங்குவதால். பெருநாளுக்கு மலாய்க்கார அண்டைவீட்டார் தரும் தாப்பே (புளிக்கவைத்த இனிப்புச் சோறு) இன்னும் நல்ல எடுத்துக்காட்டு: சீனியே சேர்க்காத புலுட் (ஒட்டும் அரிசி) சோறு ஓரிரு நாளில் தித்திக்கிறது. அதில் தூவும் ராகி (நம் கேழ்வரகு அல்ல, நுண்ணுயிர் சேர்ந்த மாவுக்கட்டி) சரங்களை அவிழ்த்துச் சர்க்கரையாக்கிவிடுகிறது. 'சிக்கலானது எளியதானது' என்று இதை எழுதிப் பாருங்கள், ஒன்றும் விளங்காது.

ஒன்றை மட்டும் கையேட்டில் தெளிவாகச் சொல்லியே ஆக வேண்டும். சரம் என்றால் நல்லது, உதிரி என்றால் கெட்டது என்று முத்திரை குத்த முடியாது. 1981இல் டொராண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் உணவுகளை இரத்தச் சர்க்கரை ஏறும் அளவை வைத்து வரிசைப்படுத்தினார்கள். குளுக்கோஸை 100 என்று கொண்டால் வெள்ளைச் சீனி ஏறத்தாழ 65, வெள்ளை ரொட்டி 75ஐ ஒட்டி வருகிறது. ரொட்டி சரம், சீனி உதிரி. ஆனாலும் ரொட்டிதான் முந்துகிறது! மாவாக அரைத்து வேகவைத்த சரம் அவ்வளவு விரைவில் அவிழ்கிறது. ஸ்டார்ச் சரத்தில் இரு வகை உண்டு. கிளை கிளையாகப் பிரியும் அமைலோபெக்டினில் நுனிகள் அதிகம், நொதிக்குப் பிடி கிடைப்பது சுலபம். கொண்டைக்கடலையிலும் பருப்பிலும் கிளையற்ற அமைலோஸ் கூடுதல். செல்சுவர் வேறு அணைத்திருக்கும். ஆகவே சரத்துக்குள்ளேயே 'விரைந்து அவிழும் சரம்', 'மெல்ல அவிழும் சரம்' என்று பிரிக்கச் சொல்கிறேன். கைக்குத்தல் அரிசி ஏன், வெள்ளைச் சோற்றின் அளவைக் குறைப்பது ஏன் என்ற கேள்விகளுக்கு விடை அந்தப் பிரிவில்தான் இருக்கிறது.

கையேட்டில் போட அக்கா கேட்ட விளக்கப் படத்துக்கு ஒரு கிண்ணம் செண்டோல் (தேங்காய்ப்பால் ஊற்றிய குளிர் இனிப்பு) போதும். குலா மெலாக்கா (தென்னை வெல்லம்) பாகு உதிரி. நிறம் கறுப்பு, மணம் அருமை என்பதற்காக அது வேறொன்றாகிவிடாது, பெரும்பகுதி சீனியில் உள்ள அதே சுக்ரோஸ்தான். பச்சை இழைகள் அரிசி மாவு, விரைந்து அவிழும் சரம். அடியில் கிடக்கும் சிவப்பு அவரை மெல்ல அவிழும் சரமும் அவிழாச் சரமும். நாட்டுச் சர்க்கரைக்கு மாறிவிட்டேன், இனிக் கவலையில்லை என்று நம்புகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களுக்குக் கட்டாயம் இந்தப் படம் போய்ச் சேர வேண்டும்.

'மாவுச்சத்து' என்ற தலைச்சொல்லை மாற்ற வேண்டாம். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் வரை எல்லாருக்கும் பழகிவிட்டது. ஆனால் அதையே ஸ்டார்ச்சுக்கும் எழுதினால் 'சீனியில் மாவு ஏது?' என்று கேட்பார்கள், வகுப்பில் கேட்டும் விட்டார்கள். ஸ்டார்ச்சுக்கு இலங்கைத் தமிழர் வழங்கும் 'மாப்பொருள்' இருக்கிறது. அதை எடுத்துக்கொள்வோம்.

ஈப்போ ஐயாவிடம் ஒரு கேள்வி: 'சர மாவுச்சத்து' என்று பிரித்து எழுதுவதா, 'சரமாவுச்சத்து' என்று சேர்ப்பதா? சேர்த்தால் 'சரமாரி' போல ஒரே மூச்சில் வாசித்துத் தடுமாறுவார்களோ என்று எனக்குத் தயக்கம். உங்கள் முடிவு தெரிந்ததும் இரண்டாம் வரைவை அக்காவுக்கு அனுப்பிவிடுகிறேன்.