இலத்தீனின் எதிர்கால வினைமுற்று எங்கே போயிற்று?

கேள்வி:
இலத்தீனில் ‘பாடுவேன்’ என்பதற்குக் ‘காந்தாபோ’ என்ற வடிவம் இருந்தது. ஆனால் ஸ்பானியத்தில் ‘காந்தாரே’ என்றும் இத்தாலியத்தில் ‘காந்தெரோ’ என்றும் காண்கிறேன். ‘போ’ விகுதி எப்படி ‘ரே’ ஆயிற்று?

மறுமொழி 1:
அது திரியவில்லை, அடியோடு வழக்கொழிந்தது. பேச்சில் ‘ப’கர, ‘வ’கர ஒலிகள் உயிர்களுக்கிடையே ஒன்றாகிவிட்டதால், ‘அமாபித்’ (விரும்புவான்), ‘அமாவித்’ (விரும்பினான்) ஆகிய இரண்டையும் செவியால் பிரித்தறிவது கடினமாயிற்று. அவ்விடத்தை, ‘பாட வேண்டியுள்ளது’ என்ற பொருளில் வழங்கிய ‘காந்தாரே ஹாபேயோ’ என்ற தொடர் நிரப்பியது. நாளடைவில் ‘ஹாபேயோ’ தேய்ந்து வினையடியோடு ஒட்டி விகுதியாயிற்று. ஸ்பானியத்தில் அதன் வழிவந்த ‘ஹாபேர்’ என்ற துணைவினையின் நிகழ்கால வடிவங்களான ‘எ, அஸ், அ’ என்பவற்றைக் ‘காந்தாரே, காந்தாராஸ், காந்தாரா’ என்பவற்றின் ஈற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

மறுமொழி 2:
போர்த்துக்கேயத்தில் ஒட்டிய இடம் இன்றும் திறக்கிறது! ‘உனக்குத் தருவேன்’ என்பதற்கு முறையான எழுத்து நடையில் ‘தார்-தெ-எய்’ என எழுதுவார்கள். ‘உனக்கு’ என்னும் சொல் வினையடிக்கும் விகுதிக்கும் நடுவே அமர்கிறது. எனினும் இணைப்பு பழமையானதே: 7ஆம் நூற்றாண்டின் ஃபிரெடெகார் வரலாற்றேட்டிலேயே ‘தருவாய்’ என்ற பொருளில் ‘தாராஸ்’ வந்துவிட்டது.

மறுமொழி 3:
இலத்தீன் வழிவந்த எல்லா மொழிகளும் இவ்வழியில் செல்லவில்லை என்பதையும் சேர்க்க விரும்புகிறேன். ருமேனியம் ‘விரும்பு’ என்னும் வினையைத் துணையாக்கி ‘வோய் கின்தா’ என்கிறது. சார்தீனியமோ ‘ஆப்போ அ காந்தாரே’ என்று துணைவினையை முன்னே நிறுத்தி, இன்றளவும் ஒட்டாமலே வைத்திருக்கிறது.