கலகாடியில் ஒரு கையளவு வல்லூறு

வித்யா, காலை 8:05
பெரியப்பா, கலகாடி பாலைவன வனவிலங்குப் பூங்காவில் இருக்கிறோம், தென்னாப்பிரிக்கா பக்கம். ஆவோப் ஆற்றுப் படுகை ஓரமாகப் போகும்போது வேலமரம் மாதிரி ஒரு முள்மரத்தின் உச்சியில் இது உட்கார்ந்திருந்தது. கீச்சானா?
(படம்)

பெரியப்பா, 8:09
படம் மங்கலாக இருக்கிறதம்மா. வால் எப்படி, நீளமா குட்டையா?

வித்யா, 8:10
குட்டை. கறுப்பில் வெள்ளைப் புள்ளி வரிசை.

பெரியப்பா, 8:11
அப்படியானால் கீச்சான் இல்லை. அந்தப் பக்கத்து ஃபிஸ்கல் கீச்சானுக்கு வால் நீளம், முதுகு கறுப்பு. காலைப் பார்த்துச் சொல்.

செந்தில், 8:13
பைனாகுலரில் பார்த்தேன் மாமா. கால் ஆரஞ்சுச் சிவப்பு. கண்ணைச் சுற்றியும் அதே சிவப்பு வளையம். நெஞ்சு சுத்த வெள்ளை. தலையை மேலும் கீழும் ஆட்டி ஆட்டிப் பார்க்கிறது.

பெரியப்பா, 8:14
பிக்மி ஃபால்கன்! வல்லூறுக் குடும்பம். ஆப்பிரிக்காவின் பகல்நேர வேட்டைப் பறவைகளில் இதைவிடச் சின்னது கிடையாது. நீளம் 20 செ.மீ., எடை 60 கிராம் அளவுதான். மைனாவின் எடையில் ஏறக்குறைய பாதி. எத்தனை வருட ஆசை எனக்கு!

அத்தை, 8:16
அவ்வளவு சின்னது எதைப் பிடித்துத் தின்னும் அண்ணா?

பெரியப்பா, 8:18
பல்லி, அரணை மாதிரி ஊர்வன, வெட்டுக்கிளி, வண்டு. எப்போதாவது சுண்டெலி, சின்னக் குருவி. கிளையில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருக்கும், ஏதாவது அசைந்தால் தொப்பென்று இறங்கும். வித்யா, முதுகு என்ன நிறம்?

வித்யா, 8:19
செங்கல் பழுப்பு.

பெரியப்பா, 8:20
பெண். ஆணுக்கு முதுகு முழுக்கச் சாம்பல். சரி, பக்கத்தில் எங்காவது வைக்கோல் போரைத் தூக்கி மரத்தில் வைத்த மாதிரி ஒரு கூடு இருக்கிறதா?

வித்யா, 8:21
அதே மரத்தில்தான்! கூரை வீடு மாதிரி இருக்கிறது. குருவிகள் கத்திக்கொண்டே போவதும் வருவதுமாக இருக்கின்றன.

பெரியப்பா, 8:24
அவை சோஷியபிள் வீவர். நம் தூக்கணாங்குருவிக்குச் சொந்தம்தான், ஆனால் தனித்தனிக் கூடு இல்லை, ஊரே சேர்ந்து கட்டும் ஒரே கூடு. நூறு அறைகூட இருக்கும். தலைமுறை தலைமுறையாகப் பல பத்தாண்டுகள் அதே கூட்டில் இருக்கும். வாசல் எல்லாம் அடியில். அந்தத் துளைகளில் ஏதாவது ஒன்றின் விளிம்பு மட்டும் வெள்ளையாகத் தெரிகிறதா?

வித்யா, 8:29
இங்கே வண்டியை விட்டு இறங்கக் கூடாது, ஜன்னல் வழியாகவே எடுத்தேன். இடது ஓரத்தில் ஒரு துளையைச் சுற்றி மட்டும் சுண்ணாம்பு பூசியது போல இருக்கிறது. கட்டி கட்டியாக, லேசாக ரோஸ் கலந்த வெள்ளை.
(படம்)

பெரியப்பா, 8:31
அது எச்சம். வாசல் விளிம்பிலேயே போட்டுப் போட்டு அடுக்காகக் காய்ந்துவிடும். வீவர் குடியிருக்கும் துளையில் இப்படி இருக்காது. பறவை கண்ணில் படாவிட்டாலும் ஃபால்கன் எந்த அறையில் இருக்கிறது என்று இதை வைத்தே சொல்லிவிடலாம்.

கார்த்தி, 8:33
குருவிக் கூட்டிலேயே வல்லூறா? குருவிகள் சும்மா விடுமா பெரியப்பா?

பெரியப்பா, 8:41
இந்தப் பறவைக்குக் கூடு கட்டும் பழக்கமே இல்லை கார்த்தி. வீவர் கட்டிய அறை ஒன்றில் குடியேறிவிடும், அதிலேயே முட்டையும் இடும். தெற்கு ஆப்பிரிக்காவில் அது இந்த வீவர் கூடுகளையே நம்பி வாழ்கிறது. கென்யா, தான்சானியா பக்கமும் இதே ஃபால்கன் உண்டு. அங்கே வெள்ளைத்தலை எருமை வீவர் என்று வேறு ஒரு பறவையின் கூட்டில் இருக்கும்.

குருவிகள் அதைக் கண்டால் எச்சரிக்கைக் குரல் கொடுக்கும். ஆனாலும் கூட்டை விட்டுப் போவதில்லை. சில சமயம் ஃபால்கன் வீவர் குஞ்சையே தூக்கிவிடும், எப்போதாவது வளர்ந்த குருவியையும்.

கார்த்தி, 8:43
ஒருவேளை கூட்டுக்குக் காவலாக இருக்குமோ? அதனால்தான் விட்டுவைக்கின்றனவோ?

பெரியப்பா, 8:47
அந்தப் பேச்சு உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அங்கே கேப் நாகம் மரமேறி அறை அறையாக முட்டையையும் குஞ்சையும் விழுங்கும். அதை 60 கிராம் பறவை என்ன செய்துவிடும்? கூட்டால் லாபம் ஃபால்கனுக்குத்தான். முக்கியமாகக் குளிருக்கு.

அத்தை, 8:49
பாலைவனத்தில் குளிரா?

செந்தில், 8:50
நேற்று ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டது அத்தை. காலையில் வண்டிக் கண்ணாடியில் உறைபனி.

பெரியப்பா, 8:53
அதுதான். அவ்வளவு புல் அடுக்கு இருப்பதால் கூட்டுக்குள் வெளியே அளவுக்குக் குளிர் ஏறாது. குளிர்காலத்தில் ஃபால்கன் குடும்பம் முழுக்க ஒரே அறையில் ஒட்டிக்கொண்டு தூங்கும். ஜோடி மட்டும் இல்லை, சில சமயம் மூன்று நான்குகூட. குஞ்சு வளர்க்கும்போது ஜோடியைத் தவிர வளர்ந்த பறவை இன்னொன்றும் இரை கொண்டுவந்து ஊட்டுவது உண்டு.

வித்யா, 8:55
பெரியப்பா! அந்த வெள்ளைத் துளையிலிருந்து இன்னொன்று எட்டிப் பார்க்கிறது. முகம் மட்டும்தான் தெரிகிறது.

பெரியப்பா, 8:55
வெளியே வரட்டும். நெஞ்சைப் பார். வெள்ளையில் லேசாக மஞ்சள் பழுப்பு படிந்திருந்தால் இளசு.

வித்யா, 9:02
வெளியே வந்து வெயிலுக்கு நெஞ்சைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. சுத்த வெள்ளை, முதுகு சாம்பல். பெண் இறங்கி ஒரு பல்லியைப் பிடித்துக்கொண்டு மரங்கொத்தி மாதிரி ஏறி இறங்கிப் பறந்தது. அப்போது வாலுக்கு மேலே வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரிந்தது.

பெரியப்பா, 9:03
சாம்பல் முதுகா, அப்படியென்றால் ஆண். ஜோடியே கிடைத்துவிட்டது! செந்தில், வண்டியை எடுத்துவிடாதீர்கள். மூன்றாவது ஏதாவது அந்தத் துளையிலிருந்து வருகிறதா என்று இன்னும் பத்து நிமிடம் பாருங்கள்.