புதுப்பிப்பு: மணாலி–லே பைக் பயணம், டென்ட்டா ரூமா?

மணாலியிலிருந்து லேவுக்கு பைக்கில் போகும்போது டென்ட் தூக்கிப் போகலாமா, ரூம் எடுக்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். போய் வந்தாயிற்று.

பிடிவாதமாக டென்ட்டைத்தான் கட்டிக்கொண்டு போனேன். வழியில் ‘தாண்டி’ என்ற ஊரின் பெட்ரோல் பங்க்கில் டேங்க்கை நிரப்பி, கேனில் ஐந்து லிட்டர் வாங்கியபோதே பின்சீட்டில் இடமில்லை. ஜிஸ்பாவில் பாகா ஆற்றங்கரையில் ஒரு ராத்திரி. சுமார் 3,200 மீட்டர் உயரம்; சுகமான தூக்கம்.

மறுநாள் சர்ச்சுவில் தங்கியதுதான் தப்பு. அது 4,200 மீட்டருக்கு மேல். காற்று டென்ட்டைப் பிடுங்கப் பார்த்தது, தலைவலி மண்டையைப் பிளந்தது. பாதி ராத்திரியில் பக்கத்து வாடகைக் கூடாரக்காரர் கூப்பிட்டு ரஜாயும் (பஞ்சு வைத்த கனமான போர்வை) சூடான டீயும் கொடுத்தார். அங்கே குளிர் அடங்கியது, தலைவலி அடங்கவில்லை. தலைவலிக்குக் காரணம் உயரம்தான். கான்கிரீட் ரூமில் படுத்திருந்தாலும் வலித்திருக்கும். ‘எதில் தூங்குகிறாய் என்பதைவிட எவ்வளவு உயரத்தில் என்று பார்’ என்று ஒருவர் அப்போதே எழுதியிருந்தார். நான்தான் கேட்கவில்லை.

அப்புறம் லேயில் மூன்று நாள் ரூம்தான். வெந்நீர்க் குளியல் போட்டபோது டென்ட் ஞாபகமே வரவில்லை. அடுத்த தடவை ஸ்லீப்பிங் பேக் மட்டும் வரும். டென்ட்டைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன்.